கம்ப்யூட்டர் வாங்கினால் கரண்ட் பில் எகிறுமா?

“மாமா, கம்ப்யூட்டர் வாங்கினா கரண்ட் பில் எகிறிடும்னு அப்பா பயப்படுறார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவள் அப்பா, அதாவது என் மச்சான், அங்கே ஆசிரியர். வாடகை வீடு, ஓட்டுக் கூரை, ஒரே சம்பளம். பயம் நியாயமானதுதான்.

நான் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். கடைக்கு வரும் புதியவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று முன்பெல்லாம் சட்டென்று சொல்லிவிடுவேன். ஒரு முறை எங்கள் வீட்டு பில்லே என்னை மடக்கியது. அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்கிறேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். கணக்கின் முடிவில் ஒரு சட்டமும் வரும். சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பில்லில் உள்ள ஒவ்வொரு ரூபாயையும் அதுதான் தீர்மானிக்கிறது.

10 யூனிட்டின் விலை 305 ரூபாய்!

2023 ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு 510 யூனிட் என்று ரீடிங் எடுத்தார்கள். பில் 2,030 ரூபாய். “ராத்திரி எல்லாம் ஓடுதே உங்க கம்ப்யூட்டர், அதுதான்!” என்றாள் மனைவி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் 2 மாதத்துக்கு ஒரு முறை. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட் வரை உபயோகித்தால் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் 225 + 900 + 600, ஆக மொத்தம் 1,725 ரூபாய்.

ஆனால் 500ஐத் தாண்டினால் வேறு பட்டியல். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய். 2.25 ரூபாய் என்ற சலுகைப் படி காணாமல் போய்விடும். 401 முதல் 500 வரை 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். எங்கள் 510 யூனிட்டுக்கு 1,350 + 600 + 80 = 2,030 ரூபாய்.

கவனித்தீர்களா? கடைசி 10 யூனிட்டுக்கு நான் கொடுத்தது 80 ரூபாய் அல்ல, 305 ரூபாய்!

(கட்டணம் அதன் பிறகும் மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் மீண்டும் உயர்ந்தது. எனவே இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய கட்டணத்தை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.)

உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு சாப்பிடுகிறது?

அடுத்து, மனைவியின் குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கேபினெட்டின் உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் ‘450 வாட்’ என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் எப்போதும் 450 வாட் இழுக்கிறது என்று அதற்கு அர்த்தம் அல்ல. அதிகபட்சமாக அவ்வளவு தர முடியும் என்றுதான் அர்த்தம். டைப் செய்வது, பாட்டுக் கேட்பது, இணையம் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு ஒரு சாதாரண டெஸ்க்டாப்பும் எல்.இ.டி. மானிட்டரும் சேர்ந்து சுமார் 100 வாட்தான் எடுக்கும். லேப்டாப் என்றால் சுமார் 40 வாட்.

உங்கள் வீட்டு மீட்டரை வைத்தே இதை அளக்கலாம். வழி இதோ:

1. வீட்டில் கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிரிட்ஜையும் 10 நிமிடம் நிறுத்துங்கள்.

2. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். அதன் அருகே ஓர் எண் இருக்கும். உதாரணமாக 3200 என்று இருந்தால், விளக்கு 3,200 முறை மின்னினால் 1 யூனிட் என்று பொருள். மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும்.

3. 10 நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 53 முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 53 × 6 = 318. அதை 3,200ஆல் வகுத்தால் 0.099 யூனிட். அதாவது 99 வாட்.

1,000 வாட் சாதனம் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 100 வாட் கம்ப்யூட்டர் தினமும் 5 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். 60 நாளைக்கு 30 யூனிட். லேப்டாப் என்றால் 12 யூனிட்தான். இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

என் கதை வேறு. படங்களையும் சாப்ட்வேர்களையும் டவுன்லோட் போட்டுவிட்டு இரவு முழுவதும் கம்ப்யூட்டரை ஓட விடுவேன். மானிட்டரை அணைத்த பிறகும் சுமார் 80 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. 8 மணி நேரத்துக்கு 0.64 யூனிட். 60 நாளைக்கு 38 யூனிட்! டவுன்லோட் என்னவோ பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிந்திருக்கும். மீதி 7 மணி நேரம் சும்மா ஓடியிருக்கிறது.

மனைவி ஜெயித்தாள். இரவில் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். மார்ச்சில் வந்த பில் 470 யூனிட், 1,545 ரூபாய். வித்தியாசம் 485 ரூபாய்.

உடனே செய்ய வேண்டியவை

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லுங்கள். சிஸ்டம் என்ற பிரிவில் பவர் என்பதைக் கிளிக் செய்தால், எத்தனை நிமிடம் தொடாமல் இருந்தால் திரை அணைய வேண்டும், எத்தனை நிமிடத்தில் ஸ்லீப் நிலைக்குப் போக வேண்டும் என்று கேட்கும். திரைக்கு 5 நிமிடம், ஸ்லீப்புக்கு 15 நிமிடம் கொடுங்கள்.

ஸ்லீப் நிலையில் கம்ப்யூட்டர் ஓரிரு வாட் மட்டுமே எடுக்கும். ஆனால் நீங்கள் செய்த வேலை ராம் நினைவகத்தில்தான் இருக்கும். கரண்ட் போனால் சேவ் செய்யாதது போய்விடும். அடிக்கடி மின்தடை உள்ள ஊர் என்றால் ஹைபர்னேட் பயன்படுத்துங்கள். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும்.

ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது. மீன் நீந்தினாலும் நட்சத்திரம் பறந்தாலும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பவர் சப்ளையில் ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது, மீதி மட்டுமே வெப்பமாக வீணாகிறது என்பதற்கான சான்று அது. 2004இல் வந்த திட்டம்.

இந்தக் கணக்கை எழுதியவர் யார்?

500ஐத் தாண்டினால் சலுகைப் படி போய்விடும் என்று சொன்னேனே, அந்தப் பட்டியலை யார் தயாரிப்பது? மின்வாரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மின்வாரியம் மனு போட மட்டுமே முடியும். இவ்வளவு செலவாகிறது, இவ்வளவு கட்டணம் வேண்டும் என்று அது கேட்கும். ஆணை பிறப்பிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999இல் அமைக்கப்பட்டது. பில்லில் நமக்குக் கிடைக்கும் சலுகைக்கான பணத்தை மாநில அரசு மானியமாகத் தருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் அடிப்படை மின்சாரச் சட்டம், 2003. அதற்குத் துணையாக நிற்பது எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2001. இரண்டும் ஒரே கம்பியின் இரு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு முனையைப் பார்ப்பது சேமிப்புச் சட்டம். அதன்படி 2002 மார்ச் 1 அன்று எரிசக்தி திறன் பணியகம் என்ற மத்திய அமைப்பு தொடங்கியது. பிரிட்ஜில், ஏ.சி.யில் நட்சத்திர ஸ்டிக்கர் பார்க்கிறீர்களே, 2006இல் அதைக் கொண்டுவந்தது இந்த அமைப்புதான். 2010இல் பிராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ், ஏ.சி., டியூப் லைட் ஆகியவற்றுக்கு ஸ்டிக்கர் கட்டாயமானது. இந்த யோசனைக்கு முன்னோடியே கம்ப்யூட்டர்தான் தெரியுமா? அமெரிக்க அரசு 1992இல் ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையைத் தொடங்கியபோது, முதலில் ஒட்டியது கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும்தான். ஸ்லீப் வசதி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பியின் மறுமுனை

மறுமுனையில் மின்சாரம் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்ற கேள்வி. மின்சாரச் சட்டத்தில் 86(1)(இ) என்ற பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு மாநில ஆணையமும் காற்று, சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் மின்உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும். விநியோகம் செய்பவர் மொத்த மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக் கட்டாயம் அப்படிப்பட்டவர்களிடம் வாங்க வேண்டும் என்று நிர்ணயிக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

ஒரு பிரிவால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். காற்றாலை போட்டவர் மின்சாரத்தைச் சந்தையில் கூடை வைத்து விற்க முடியாது. கம்பி வைத்திருப்பவர் வாங்கினால்தான் உண்டு. அமெரிக்காவில் 1978இல் ‘பர்பா’ என்ற சட்டம் வந்தது. சிறு உற்பத்தியாளர் தரும் மின்சாரத்தைப் பெரிய மின்நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என்றது. அதன் பிறகுதான் கலிபோர்னியாவில் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன.

தமிழ்நாட்டில் 2006 மே 15 அன்று நம் ஆணையம் ஓர் ஆணை வெளியிட்டது. காற்றாலை, கரும்புச் சக்கை, உயிர்ப்பொருள் ஆகியவற்றிலிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு விலையும் விதியும் அதில் வந்தன. காற்றாலை என்றால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று தெற்கே போக வேண்டும். கரும்புச் சக்கை நம் ஊர்ச் சமாச்சாரம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம் இது. சாறு பிழிந்த சக்கையை எரித்து நீராவி எடுத்து, ஆலைக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றும் முறைக்கு இணைமின் உற்பத்தி என்று பெயர். விலையும் விதியும் இல்லாவிட்டால் எந்த ஆலையும் அதற்கு முதலீடு போடாது.

2022இல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை மின்சாரத்தைக் குறைத்து உபயோகிப்பதைப் பற்றி மட்டுமே பேசிய சட்டம், இப்போது எந்த மின்சாரத்தை உபயோகிக்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கியது. அதன்கீழ் 2023 அக்டோபரில் மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி, விநியோகம் செய்பவர் 2024-25இல் 29.91 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் எடுக்க வேண்டும். 2029-30இல் 43.33 சதவீதம்.

வெள்ளிமலையில் ஒரு ஞாயிறு

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் மச்சானுக்குப் பதில் சொல்லக் கிளம்பினேன். டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப் போதும் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிறு காலையில் பெட்டியோடு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. வழியெல்லாம் மரவள்ளி.

லேப்டாப்பை இயக்கிக் காட்டி, 60 நாளைக்கு 12 யூனிட் கணக்கையும் போட்டுக் காட்டினேன். மச்சான் முகம் தெளிந்தது.

“அப்ப மொட்டை மாடி இருக்கிறவங்க மாதிரி நாமும் சோலார் போட்டா பில்லே வராதா மாமா?” என்றாள் பெண்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரியவீடு திட்டம் தொடங்கியது. கூரையில் 1 கிலோவாட் சோலார் போட்டால் 30,000 ரூபாய் மானியம், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று அறிவித்தார்கள். விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மிஞ்சியது இருவழி மீட்டர் மூலம் கம்பிக்குப் போய், நம் கணக்கில் வரவு வைக்கப்படும். இதற்கு நெட் மீட்டரிங் என்று பெயர்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். பேட்டரி இல்லாமல் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் கம்ப்யூட்டர் ஓடாது! கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டரை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

“ஆனா நமக்குச் சொந்தக் கூரையே இல்லையேம்மா,” என்றார் மச்சான். ஓட்டுக் கூரை, அதுவும் வாடகை.

அப்போதுதான் எனக்கும் அந்தச் சட்டத்தின் முழு அர்த்தம் புரிந்தது. கூரை உள்ளவருக்கு மானியம் இருக்கிறது. கூரை இல்லாதவருக்கு 86(1)(இ) இருக்கிறது. கோமுகி அணைக்குப் பல ஓடைத் தண்ணீர் வந்து சேர்கிறது. வாய்க்காலில் வரும் தண்ணீர் எந்த ஓடையுடையது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? மின்கம்பியும் அப்படித்தான். நல்ல ஓடைகளிலிருந்து இத்தனை பங்கு வந்து சேர வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டால், வாய்க்காலின் கடைசி மடையில் இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. பேனல் வாங்கப் பணம் இல்லாத வெள்ளிமலைப் பிள்ளையின் லேப்டாப்பிலும் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் வெயிலும் ஓடுகிறது.

“அதுக்கு ஆகிற செலவு?” என்று கேட்டார் மச்சான். ஆசிரியர் அல்லவா! அதுவும் பில்லில்தான் வரும். வாங்கும் விலை குறைந்தால் நமக்கு லாபம், கூடினால் நமக்குச் சுமை. அதனால்தான் விலையைப் பொதுவில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இணையத்தில் ஒரு நாற்காலி

மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து, 120 நாளுக்குள் ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். ‘பொதுமக்கள்’ என்றால் நீங்களும் நானும்தான். வக்கீல் வேண்டாம்.

2022 ஆகஸ்டில் கட்டண மனு மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய 3 ஊர்களில் நடந்தன. வெள்ளிமலையிலிருந்து சென்னைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். மரவள்ளி போட்டவர் அதற்காகக் கிளம்புவாரா? இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உங்களுக்கு நாற்காலி போடுகிறது. ஆணையத்தின் இணையதளத்தில் மனுக்களும் ஆணைகளும் பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கின்றன. இலவசமாக டவுன்லோட் செய்து படிக்கலாம். கருத்தை எழுத்தில் அனுப்பலாம்.

எழுதும்போது 3 விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். மனுவின் எண்ணையும் கடைசித் தேதியையும் குறிப்பிடுங்கள். பொதுவாகப் புலம்பாமல் உங்கள் பில்லின் எண்களைக் கொடுங்கள். என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். ‘500ஐத் தாண்டியதும் கடைசி 10 யூனிட்டுக்கு 305 ரூபாய் விழுகிறது, இந்தப் படியைச் சாய்வாக்குங்கள்’ என்பது ஒரு நல்ல ஆட்சேபம். ‘கட்டணம் அதிகம்’ என்பது பெருமூச்சு.

அடுத்து வரப்போவதையும் கவனியுங்கள். 2023 ஜூனில் வந்த மத்திய விதி ஒன்று, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வேண்டும் என்கிறது. சூரிய வெளிச்சம் உள்ள நேரத்தில் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் அதிகம். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் விளக்குப் போடும் வீட்டுக்கு இது லாபமா நஷ்டமா? மாலையில்தான் படிக்க உட்காரும் பிள்ளைகளுக்கு? அப்படிப்பட்ட மனு வரும் நாளில் மலையிலிருந்து ஒரு குரல் இல்லாவிட்டால், சமவெளிக்காரர்கள் கணக்கையே எல்லோருக்கும் கணக்காக வைத்துவிடுவார்கள்.

மாலை பஸ்ஸுக்கு முன்னால் லேப்டாப்பில் யூனிகோட் தமிழ் கீபோர்டை அமைத்துக் கொடுத்தேன். என் தங்கை மகள் முதன்முதலாக டைப் செய்தது அவள் பெயரையோ சினிமாப் பாட்டையோ அல்ல. மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, ஓராண்டு ரீடிங்கை எக்செல்லில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். “அடுத்த மனு வர்றப்ப தேடிக்கிட்டு இருக்கக் கூடாது மாமா,” என்றாள்.

நீங்களும் இன்றே அந்த அட்டையை எடுங்கள். புதிய கம்ப்யூட்டரில் உங்கள் முதல் எக்செல் பயிற்சி அதுவாக இருக்கட்டும். 6 பில், 6 வரி, 10 நிமிட வேலை. பிறகு மறக்காமல் ஸ்லீப்பில் போடுங்கள்!